தேர்ப் பலகையில் ஒரு கால்விரல்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்ட வாரம், கள்ளக்குறிச்சியில் எங்கள் மரச்சிற்பப் பட்டறைக்குள் ஒருவன் மாட்டிக்கொண்டான். கல்வராயன் மலையடிவாரக் காலனியிலிருந்து மரம் அறுக்க வந்தவன். பஸ் ஓடாததால் பட்டறையிலேயே தங்கினான். என் தங்கைதான் அவனுக்கு இலையில் சோறு கொண்டுபோய் வைப்பாள்.

மணலூர்பேட்டைப் பக்கத்து ஊர் ஒன்றின் தேருக்கு அப்போது பலகை செதுக்கிக்கொண்டிருந்தோம். தேரின் அடித்தட்டில் ஆணும் பெண்ணும் கூடி நிற்கும் சிற்பம் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருஷ்டி படும் என்று ஊர்ப் பெரியவர்களே கேட்டு வாங்குவார்கள். அவர்கள் வீட்டுப் பெண் தெருவில் சிரித்தால் மட்டும் காலை ஒடிப்பார்கள். அந்த ஜோடி என் கைக்கு வரவேயில்லை. செதுக்கியதெல்லாம் விறைத்த கட்டையாகவே நின்றது.

ஒரு மத்தியானம் மர அடுக்குக்குப் பின்னால் அவனையும் தங்கையையும் பார்த்தேன். அவன் மார்பில் நெற்றியைச் சாய்த்து, அவன் பாதத்தின்மேல் தன் பாதத்தை ஏற்றி நின்றிருந்தாள். அண்ணனாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓடிப்போய் உளியை எடுத்தேன். முகங்களை மாற்றிவிட்டதால் யாருக்கும் தெரியாது என்று நம்பினேன்.

மறியல் ஓய்ந்ததும் ஊர்க்காரர்கள் பலகையைப் பார்க்க வந்தார்கள். வாயாரப் புகழ்ந்தார்கள். ஒருவர் மட்டும் குனிந்து பார்த்துக் கேட்டார்: "இன்னாப்பா, பொண்ணுக்குக் கால்ல ரெண்டாவது வெரலு கட்டவெரல் மேல ஏறிக்கினு இருக்குது? உளி தப்பிடுச்சா?"

தொழிலில் பிழை என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. "தப்பெல்லாம் இல்லீங்க. பாத்தததான் செதுக்கினேன்" என்றேன்.

மோர் கொண்டுவந்து நின்ற தங்கையின் காலை அப்பா திரும்பிப் பார்த்தார்.

வந்தவர்கள் கிளம்பும்வரை பொறுத்திருந்தார். பிறகு சித்தப்பாக்களைக் கூப்பிட்டார். நியாயம் வேண்டும் என்று சாலையில் தொண்டை கட்டக் கத்திவிட்டு வந்தவர்கள், அறுப்பு வேலை முடியாமல் இன்னும் பட்டறையிலேயே இருந்தவன்மேல் ஆளுக்கொரு கட்டையோடு விழுந்தார்கள். அவன் கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வண்டியில் போட்டுக்கொண்டுபோய் மலையடிவாரத்தில் தள்ளிவிட்டு வந்தார்கள். பிழைத்தானா என்று யாரும் விசாரிக்கவில்லை.

சாமி காரியம் என்று சொல்லிப் பலகையை அப்பா தேருக்கே அனுப்பினார். தங்கையை எலவனாசூர்கோட்டைக்கு இரண்டாம் தாரமாக அனுப்பினார்.

வண்டி ஏறும்போது அவள் என்னிடம் சொன்னாள்: "வாய வுட்டது போவட்டும்ண்ணா. அவன அடிக்கறப்ப நீ ஓடியாந்த. தடுக்கத்தான் வர்றன்னு நெனச்சேன். பலகையில அடி படாம கட்டிப்புடிச்சிக்கினு நின்ன."

ஆமாம், அப்படித்தான் நின்றேன்.