சொரிமுத்துவின் நீலச் சட்டை

சொரிமுத்துவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல்தான் முதலில் வரும். அவன் கெட்டவன் என்றால் பரவாயில்லை, இரண்டு திட்டு திட்டிவிட்டு மறந்துவிடலாம். பொய் சொல்ல மாட்டான், கடன் வாங்க மாட்டான், காய்ச்சல் என்றாலும் லீவு போட மாட்டான். இப்படி ஒருவனை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

பேட்டையில் நான் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, கோவில் கொடை, கண்ணீர் அஞ்சலி, எதற்கென்றாலும் ஊர்க்காரர்கள் முகத்தைப் பெரிதாக்கித் துணியில் அடித்துக் கொடுப்பது தொழில். சொரிமுத்து வீடு என் கடைக்குப் பின்சந்தில். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அவன் அப்பா நூற்பாலையில் நிரந்தர வேலைக்காரர். ஆலையை இழுத்து மூடிப் பல வருடம் கழித்தும் தெருவில் அவரை மில்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் இறந்தபோது நான் அடித்த போர்டிலும் பெயருக்கு முன்னால் மில் என்று போடச் சொல்லி மகன் பக்கத்தில் நின்றான். இன்ன இடத்து ஆள் என்று ஒரு மனிதனுக்குப் பேர் இருக்க வேண்டும் என்பது அப்போதே அவன் மண்டையில் ஏறிவிட்டது. பிறகு இறங்கவே இல்லை.

ஐ.டி.ஐ. முடித்த கையோடு மதுரை ரோட்டில் இருக்கிற பெரிய கம்பெனிக்குப் போனான். காற்றாலைக்கு இறக்கை செய்கிற கம்பெனி. பெயரை நான் சொல்ல மாட்டேன், எனக்குக் கடை நடக்க வேண்டும். அங்கே இரண்டு நிறத்தில் சட்டை உண்டு. கம்பெனி நேரடியாக எடுத்த ஆள்களுக்கு நீலம். கான்ட்ராக்ட் ஆள்களுக்குச் சாம்பல், சொரிமுத்துவுக்கும் அதுதான். வேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். கண்ணாடி இழைத் துணியை அச்சில் விரித்து, பசையை ஏற்றி, காய்ந்ததும் ஓரமெல்லாம் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அந்தத் தூசி உடம்பில் பட்டால் சோறு தின்கிற கைகூட அரிக்கும். ஆனால் நீலச் சட்டைக்கு நல்ல முகமூடி, குளிக்க வெந்நீர், ஏ.சி. போட்ட கேன்டீன். சாம்பல் சட்டைக்குத் துணி முகமூடியும் தகரக் கொட்டகையும். ஆயுத பூஜைக்கு இயந்திரத்தைக் கழுவித் துடைத்துச் சந்தனம் வைப்பது சொரிமுத்து. ஸ்வீட் பாக்ஸ் நீலச் சட்டைக்கு, பொரி பாக்கெட் இவனுக்கு. சம்பள வித்தியாசத்தையும் சொன்னால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், அதை விட்டுவிடுகிறேன்.

இதில் கிங்ஸ்லி என்று ஒரு கான்ட்ராக்டர். ஒவ்வொரு வருடமும் முடிகிற நேரத்தில் தன் ஆள்களையெல்லாம் கொஞ்ச நாள் வீட்டில் உட்கார வைப்பான். பிறகு வேறொரு நிறுவனத்தின் பெயரில் புதிதாகச் சேர்த்துக்கொள்வான். அதே கிங்ஸ்லிதான், அதே கார்தான். நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கும். எவனும் தொடர்ந்து வேலை பார்த்ததாகக் கணக்கு வந்து நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அந்த நாள்களில் சொரிமுத்து தெருவில் தலைகாட்ட மாட்டான். வேலைக்குப் போகலையா என்று யாராவது கேட்டுவிடுவார்களாம். என் கடையின் உள்ளறையில் வந்து மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். நானும் வாய் வலிக்கத் திட்டுவேன்.

“ஏலே, நீ யாரு ஆளுலே? கிங்ஸ்லி ஆளா, கம்பெனி ஆளா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“கம்பெனி ஆளுதான் பாய். அடுத்த வருசம் எடுத்துருவாங்க. மேனேஜரு என்னயப் பாத்துத் தலையாட்டுதாரு.”

காதில் மாட்டியிருக்கிற ஃபோனுக்கு ஆட்டியிருப்பார் என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தான்.

அடுத்த வருடம் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லியே முப்பத்தைந்து வயது ஆயிற்று. இவனுக்குப் பின்னால் வந்தவர்கள் இவனிடமே வேலை பழகி நீலத்துக்குப் போனார்கள். ஜாஸ்பர் அதற்கும் ஒரு படி மேல். கூடங்குளத்தைத் தாண்டி ஒரு கடற்கரை ஊர், மீன்பிடிக் குடும்பம், டிப்ளமோ படித்துவிட்டு முதல் நாளே நீலச் சட்டையோடு வந்தவன். துணி விரிக்கக் கற்றுக்கொடுத்தது சொரிமுத்து. இரண்டு வருடத்தில் ஜாஸ்பர் அவனுக்கே சூப்பர்வைசர். பையன் நல்லவன்தான், அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுவான். தன் முகமூடியைக்கூடக் கழற்றிக் கொடுத்திருக்கிறான். அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவான் சொரிமுத்து. அந்த முகமூடியை உனக்கு ஏன் கம்பெனி கொடுக்கவில்லை என்று நான் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

ஒரு வழியாக அவனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. கல்லிடைக்குறிச்சிப் பெண், சுடலைவடிவு. அவர்கள் கம்பெனியில் கல்யாணத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து இரண்டு ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள். ஒன்று மண்டப வாசலில், இன்னொன்று கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே, டீக்கடை ஓரமாக. மாப்பிள்ளை பெண் நடுவில், சேர்ந்து வாழ்த்துகிறவர்கள் கீழே வரிசையாக, மேலே மேனேஜர்கள் படம், கட்சிக்காரர்கள் தலைவர் படம் போடுகிற மாதிரி. நீலச் சட்டைக்காரர் கல்யாணம் என்றால் கம்பெனி முத்திரையும் இருக்கும். சாம்பல் சட்டைக்காரர் போர்டில் முத்திரை போட மாட்டார்கள். எவரும் கூடாது என்று சொன்னதில்லை. அவர்களாகவே போடுவதில்லை.

சொரிமுத்து முத்திரையோடு வேண்டும் என்றான். அது மட்டுமில்லை, கம்ப்யூட்டரில் தன் படத்தைக் காட்டி, பைய ஒரு விஷயம் கேட்டான்.

“பாய், இந்தச் சட்டைய நீலமா மாத்த முடியுமா?”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாண மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இரண்டு நிமிட வேலை, மாற்றிவிட்டேன். அவன் நெடுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவன் ஷெட்டில் வேலை பார்க்கிற பிச்சைக்கண்ணு வந்து, மாப்பிள்ளைக்கு மட்டும்தானா, எனக்கும் மாற்றுங்கள் என்றான். பிறகு ஒவ்வொருவனாக வந்தான். கடைசியில் ஷெட் மொத்தத்தையும் நீலமாக்கி, முத்திரையும் வைத்து அடித்துக் கொடுத்தேன். இருபது அடி போர்டு. உண்மையான நீலம் எது, நான் பூசிய நீலம் எது என்று எனக்கே தெரியாது. ஜாஸ்பரும் அந்த வரிசையில் சிரித்துக்கொண்டு நின்றான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கிங்ஸ்லி வந்து மொய் எழுதிவிட்டு, வாசலில் நின்று போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

மறுவீடெல்லாம் முடிந்து சொரிமுத்து வேலைக்குப் போன அன்று கேட்டில் அவன் கார்டு வேலை செய்யவில்லை. முன்னால் போன பிச்சைக்கண்ணுவின் கார்டும் வேலை செய்யவில்லை. அந்த ஷெட்டின் சாம்பல் சட்டைக்காரர்கள் யாரையும் கேட் உள்ளே விடவில்லை. இயந்திரம் கெட்டிருக்கும் என்று நினைத்து இந்த முட்டாள்கள் வரிசையில் நின்று காத்திருக்கிறார்கள். பக்கத்து வழியில் நீலச் சட்டைக்காரர்கள் குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனார்களாம். காவலாளி வந்து, உங்களுக்கு வேலை இல்லை, கான்ட்ராக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டான். உள்ளே அவர்கள் லாக்கரில் இருந்த செருப்பையும் துண்டையும்கூட எடுக்க விடவில்லை.

கிங்ஸ்லியிடம் போனார்கள். அவன் செய்த வேலைதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. போர்டில் எல்லாரும் கம்பெனிச் சட்டை போட்டு நின்றீர்கள் அல்லவா, முத்திரை வேறு போட்டீர்கள் அல்லவா, மேலே உள்ளவர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள், போலீஸுக்குப் போகாமல் நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். சட்டையை யார் மாற்றச் சொன்னது என்று எல்லாரும் சொரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் கோபமும் கம்பெனியை விட்டு, கிங்ஸ்லியை விட்டு, இவன் தலையில் வந்து இறங்கியது. கொஞ்சம் எனக்கும் வந்தது. இரண்டு பேர் கடை வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள்.

சொரிமுத்து என்ன செய்தான் தெரியுமா? ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டான். புதுப்பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டு, பஸ் ஏறி ஏறிப் போய், ஒவ்வொருவன் வாசலிலும் நின்றான். டீக்கடை ஓரத்தில் இருந்த போர்டைத் தானே போய்க் கழற்றி, மடித்து என் கடையில் கொண்டு வந்து வைத்தான். சுடலைவடிவு என்னிடம் வந்து, அவர் யாரைக் கொன்றார் என்று இப்படித் தலையைத் தொங்கப்போட்டு அலைகிறார் என்று கேட்டாள். 

இதற்குள் பிச்சைக்கண்ணுவுக்குக் கொஞ்சம் புத்தி வந்தது. ஒரு தொழிற்சங்கத்து வக்கீலைப் பிடித்தார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், ஆனால் எல்லாரையும் விட அதிக காலம் வேலை பார்த்தவன் முன்னால் நிற்க வேண்டும், அவன் வராவிட்டால் நேற்று வந்த ஆள்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அப்படி ஆரம்பத்திலிருந்து இருக்கிறவன் சொரிமுத்து ஒருவன்தான். அவனோ மாட்டேன் என்றான். தப்பு என்னுடையது, தப்புச் செய்துவிட்டுக் கம்பெனி மேலேயே வழக்குப் போடுவதா என்றான். திங்கட்கிழமை மனுக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவன் அசையவில்லை. வேண்டுமானால் கம்பெனிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறேன், டைப் அடித்துத் தாருங்கள் என்று என்னிடமே வந்து நின்றான். அன்றைக்கு நான் அவனை அடிக்காதது அல்லாஹ் கொடுத்த பொறுமை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து கடையைத் திறந்தேன். சொரிமுத்துவும் பின்னாலேயே வந்து உள்ளறையில் உட்கார்ந்தான். அப்போது ஜாஸ்பர் வந்தான். வேலைக்குப் போகிற நீலச் சட்டையோடு வந்தவன், சொரிமுத்துவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே வா என்று நான்தான் கூப்பிட்டேன். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“அண்ணே, போர்டுனால இல்ல,” என்றான். “ஒங்க கல்யாணத்துக்கு முன்னாலயே முடிவாயிட்டு. நம்ம ஷெட்டு வேலைய வேற மாநிலத்துக்குக் கொண்டு போறாங்க. எங்கள மட்டும் கூப்புட்டு, ஒங்களுக்கு வேற எடம் தாறோம், கான்ட்ராக்ட் ஆளுககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொன்னாங்க.”

கல்யாணத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தவன் இவன். அப்போதே எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு வாயில் வந்த வார்த்தையை எழுத முடியாது. அதையும் சொல்லித் திட்டினேன். அவன் அழுதான். அம்மா மேல் சத்தியம் என்றான், வேலை போய்விடும் என்று பயந்துவிட்டேன் என்றான். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது, ஆனாலும் மன்னிக்க மனசு வரவில்லை.

சொரிமுத்துவைப் பார்த்தேன். தன்மேல் தப்பில்லை என்று தெரிந்ததும் முகம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை, இன்னும் சுருங்கிப் போயிற்று.

“அப்ப, போர்டப் பாத்து மேல யாருக்கும் கோவம் வரலியா?”

“இல்லண்ணே. கிங்ஸ்லி சும்மா சொல்லிருக்கான்.”

“மேனேஜரு படம் போட்டிருந்தோம்லா. அவருமா பாக்கல?”

“யாரும் பாக்கலண்ணே. அங்கன ஒரு போர்டு இருந்துச்சுன்னே அவங்களுக்குத் தெரியாது.”

சொரிமுத்து எழுந்தான். மடித்து வைத்திருந்த போர்டு மேல் இடித்துக்கொண்டு வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான்.  இத்தனை வருடத்தில் அவனுக்கு இப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

“கேட்டத் தொறந்தா நேரா கண்ணுல படுத மாரித்தான கட்டுனோம்,” என்றான். “தப்புச் செஞ்சவன்னு வெரட்டிருந்தாக்கூட சரின்னு போயிருப்பேன் பாய். நான் அங்கன இருந்ததே அவங்களுக்குத் தெரியலியே.”

 பத்து வருடமாக இதைத்தானே கரடியாகக் கத்தினேன் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“பிச்சைக்கண்ணுக்கு ஃபோனப் போடுங்க. மனுல என் பேர மொதல்ல எழுதச் சொல்லுங்க.”

திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். வாசல் வேப்பமரத்தடியில் வைத்து எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முதலில் சொரிமுத்து பேனாவை வாங்கினான். காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அப்பா பெயரையும் சேர்த்து, அவ்வளவு பெரிதாக எழுதினான். அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் இடமே இல்லை. கோட்டிக்காரா, மற்றவர்கள் எங்கே போடுவது என்று பிச்சைக்கண்ணு சத்தம் போட்டான். பின்பக்கம் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, பேனாவை அவன் கையில் கொடுத்தான் சொரிமுத்து.