கால் அகட்டி உட்காரும் புல்

மண்டியிட்டு, மூக்கு மண்ணில் படுகிற அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு புல் தூரின் அடியிலும் கம்பளி நூல் கட்டிக்கொண்டிருக்கிறார் எங்கள் பண்ணையின் புல்லக்கா. சிவப்பு ஒருவனுக்கு, மஞ்சள் ஒருத்திக்கு. தீவனப்புல் வளர வளர ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். எந்தத் தண்டு எந்தத் தூருடையது என்று அப்புறம் கடவுளுக்கே தெரியாது. புல்லக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆகவே அவர் கைப்பையில் நூல், கொண்டையில் நூல், சில நாள் சாப்பாட்டு டப்பாவிலும் நூல். ஆராய்ச்சிப் பண்ணைக்குப் புதிதாக வந்த ஒருவர், அக்கா ஸ்வெட்டர் பின்னுகிறார் என்று நம்பி மார்பளவு கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாம் ஒரே தாய்ச்செடியின் விதைகள். "ஒரே வயித்துல பொறந்ததுங்கதான். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கா பாருங்க!" என்பார், சொந்தக்காரர் வீட்டு வம்பு பேசும் குரலில். எது எதை அமுக்குகிறது என்று பார்ப்பதுதான் உத்தியோகம். நடுவில் புகுந்து விலக்கக் கூடாது. வீட்டிலும் இதே சட்டம். மகள்கள் இருவரும் ஒரே அறைக்கு அடித்துக்கொண்டபோது கணவர் பதறினார். "சும்மா இருங்க. எது எவ்வளவு எடம் புடிக்குதுன்னு பாப்போம்" என்றார் இவர். இளையவள் இன்று வக்கீல்.

இந்த முறை நடுவரான அக்காவே மஞ்சளுக்குக் கட்சி கட்டிவிட்டார். சிவப்பு நூல்காரன் ஆள் உயரம். பண்ணை இயக்குநருக்கு அவன்மேல் ஒரே மையல். அவன் நிழலில் சோகை பிடித்து நின்ற மஞ்சள் நூல் ஒல்லியைத் தோண்டி எறியச் சொன்னார்.

"சார், இவன் பஸ்ல மூணு பேர் சீட்டுல காலை அகட்டி உக்கார்றவன். பக்கத்துல ஒல்லி இருக்கப்போய் ஜம்முனு இருக்கான். இவனை மாதிரியே மூணு பேரை உக்கார வச்சுப் பாருங்க, தெரியும் சேதி!"

"மாடு பஸ் ஏறாதும்மா. எடை பேசட்டும்."

இரண்டு தூரையும் பல துண்டாகப் பிரித்து, சிவப்புத் தடியன்களுக்கு ஒரு பாத்தி, மஞ்சள் ஒல்லிகளுக்கு ஒரு பாத்தி நட்டார்கள். மேய்ச்சல் நிலத்தில் யாரும் களை எடுப்பதில்லை. இங்கும் எடுக்கக் கூடாது. அறுக்கும் நாளில் எடை குறைந்த இனம் பண்ணையை விட்டே வெளியேற வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

அறுப்புக்கு இன்னும் சில வாரம். தடியன்கள் ஒருவரையொருவர் இடித்து, அடி இலையெல்லாம் பழுத்து நிற்கிறார்கள். ஒல்லிகள் விட்டுக்கொடுத்துப் பச்சையாக இருக்கிறார்கள். ஆனால் விட்டுக்கொடுப்பவர்கள் வீட்டில் வெளியாள் புகுவான் அல்லவா? இடைவெளியில் வெயில் இறங்கி, களை ஒன்று தலைதூக்கி, பக்கத்துத் தூரை நெருக்கிக்கொண்டிருந்தது.

"புடுங்கிப் போடுங்கக்கா, யாரு பாக்கப்போறா?" என்றேன், அக்காவுக்கு நூல் எடுத்துக் கொடுக்கும் நான்.

"புடுங்கினா ஜெயிச்சது நானாயிடும். என் ஒல்லி அவ இல்ல."

சொல்லும்போதே அவருடைய வலது கை களையை நோக்கி நகர்ந்தது. புல்லக்கா அந்தக் கையை இழுத்து, வரப்பில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.