லோரி நிற்கும் இடத்தில் தவமணி டீச்சர்

தவமணி டீச்சர் போய்விட்டார். இன்று விடியற்காலை, ஈப்போவில், மகன் வீட்டில். எண்பத்தொரு வயது. தூக்கத்திலேயே என்றார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கேமரன் மலையில் ஓர் இடைநிலைப் பள்ளி. அங்கே தமிழுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். இலக்கணமும் கட்டுரையும் எனக்கு, செய்யுளும் கதையும் அவருக்கு.

நான் பினாங்கிலிருந்து மாற்றலாகி வந்தவன். வீட்டிலும் தமிழ், தோட்டத்து லய வீடுகளிலும் தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதில் என்ன பெரிய கஷ்டம் என்ற நினைப்பு. கொஞ்சம் தலைக்கனம்... கொஞ்சம் இல்லை, நிறைய.

தமிழ் வகுப்பு சனிக்கிழமை காலையில்தான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் வரமாட்டார்கள். நான் வருகைப் பதிவேட்டில் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டே இருப்பேன்.

டீச்சர் வட்டம் போடவில்லை. வார நாள்களில் பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளைகள் தோட்டத்து லோரிக்காக ரோட்டோரம் நிற்பார்கள். ஒரு மணி நேரமாவது ஆகும். குடையும் பச்சை ஸ்வெட்டருமாக டீச்சரும் போய் நிற்பார். அங்கேயே பாடம்.

ஒருநாள் வேடிக்கை பார்க்க நானும் போனேன். பிரிந்து போனவனுக்காக ஒருத்தி காத்திருக்கிற செய்யுள் நடந்துகொண்டிருந்தது.

"லோரி வரலன்னா உங்களுக்கு எப்படி இருக்கு? மொதல்ல அதைச் சொல்லுங்க."

ஐந்தாம் படிவத்துப் பச்சையம்மா சொன்னாள்: "வளைவுல எந்தச் சத்தம் கேட்டாலும் நம்ம லோரியோன்னு இருக்கும் டீச்சர். காய்கறி லோரியா இருந்தா கோவமா வரும்."

"அவளுக்கும் அதேதான்மா. இப்பப் பாட்டைப் படி."

அதற்குள் லோரி வந்துவிட்டது. டிரைவர் தலையை நீட்டி, "இன்னும் எத்தனை வரிலா டீச்சர்? மழை வருது" என்றார்.

"ரெண்டே வரிண்ணே."

அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார். இதெல்லாம் ஒரு வகுப்பா என்று எனக்குச் சிரிப்பு.

அந்த வருடம் ஐந்தாம் படிவத்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழ் எழுதுபவர்களின் பட்டியல் என் பொறுப்பு. சனிக்கிழமை வராதவர்களின் பெயர்களைக் கோடு போட்டு அடித்தேன். பச்சையம்மாவின் பெயரையும்தான்.

தமிழ் எழுதினால்தான் அவள் தமிழாசிரியர் பயிற்சிக்கு மனுப் போட முடியும். அது அவளுடைய ஆசை. எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அடித்தேன்.

"சார், பச்சையம்மா பேரைக் காணோமே?"

"சனிக்கிழமை வர்றதே இல்ல டீச்சர். ஃபெயிலானா நம்ம பேருதான் கெடும்."

"சனிக்கிழமை அவ அம்மாகூட மலையில கொழுந்து எடுக்கிறா சார். என்கிட்ட ஒரு பாடம் விட்டதில்ல."

"ரோட்ல நின்னு படிக்கிறது வகுப்பா?"

டீச்சர் அவளுடைய தேர்வு விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பாரம் அனுப்பக் கடைசி நாள். பெற்றோர் கையெழுத்து வேண்டும். டீச்சர் அன்றைக்கே அதே லோரியில் ஏறித் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். டிரைவர் பிறகு சொன்னார். வேலை நேரத்தில் பெண்களைக் கூப்பிடக்கூடாது என்று கங்காணி சொல்லிவிட்டாராம். கொழுந்து நிறுக்கிற நேரம்வரை மழையில் நின்று, கூடையை இறக்கிய கையோடு அந்த அம்மாவிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறார்.

காலையில் பாரம் என் மேசையில் இருந்தது. ஓரம் நனைந்து போய்.

"ஃபெயிலானா நீங்கதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

"சொல்றேன் சார்."

அந்த வருடம் எங்கள் பள்ளியில் தமிழுக்கு ஏ1 வாங்கியது பச்சையம்மா ஒருத்திதான்.

ஆசிரியர் கூட்டத்தில் பள்ளி முதல்வர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். தோட்டத்துப் பிள்ளையை நம்பித் தேர்வுக்கு அனுப்பினீர்களே என்று மலாயில் பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த டீச்சரும் தட்டினார்.

நான் "தெரிமா காசி" என்று நன்றி சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வெளியே வந்ததும் டீச்சர் சொன்னது ஒன்றுதான். "சார், அடுத்த வருஷப் பட்டியலை எனக்கும் ஒருதரம் காட்டிருங்கலா."

காட்டினேன். அதற்குப் பிறகு நான் யார் பெயரையும் அடிக்கவில்லை. ஆனால் நடந்ததை யாரிடமும் சொல்லவும் இல்லை. அவரும் சொல்லவில்லை.

பச்சையம்மா தமிழாசிரியையாகி, ஓய்வும் பெற்றுவிட்டாள். ஆசிரியர் தினத்தன்று தவறாமல் எனக்கு வாழ்த்து அனுப்புவாள். இன்று காலை போனில் அழுதாள். "ரெண்டு பேர்ல நீங்களாவது இருக்கீங்களே சார்..."

நான் "ம்" என்றேன். போனை வைத்த பிறகு வெட்கமாக இருந்தது.

பச்சையம்மா, நீ இதைப் படிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்தப் பட்டியலில் உன் பெயரை அடித்தவன் நான். திரும்ப எழுதியது டீச்சர்.

நாளை ஈப்போவில் இறுதிச் சடங்கு. நானும் வருகிறேன். நீ என்னிடம் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி.

போய் வாருங்கள், டீச்சர்.