எட்டாம் எண் கிளிப்

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் ரிமோட்டை ஆன் செய்வதற்கு முன் பலகைக்குப் போக வேண்டும். சாதாரண மரப்பலகைதான். எண் எழுதிய துணி கிளிப்புகள் அதில் வரிசையாக மாட்டியிருக்கும். ரிமோட்டில் ஓடும் எங்கள் பொம்மைக் கார்களெல்லாம் நாற்பது வருடத்துக்கு முந்தியவை, ரிமோட்டுகளும் அப்படித்தான். அந்தக் காலத்து ரிமோட்டின் முதுகில் நகம் அளவுக்கு ஒரு கிரிஸ்டல் செருகியிருக்கும். எந்த அலைவரிசை என்பதை அதுதான் முடிவு செய்யும். ஒரே எண் கொண்ட இரண்டு ரிமோட்டுகள் ஒரே நேரத்தில் ஆன் ஆனால், கார் யார் பேச்சைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நம் எண்ணுக்குரிய கிளிப் பலகையில் இருந்தால் எடுத்து ஆன்டெனாவில் மாட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் யாரிடம் இருக்கிறதோ அவர் ஓட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த விதியை எழுதியவர் ஓயிஷி கிமியோ. மறந்தவரும் அவர்தான்.

ஓயிஷிக்கு ஐம்பத்தாறு வயது. ஷிமிசு துறைமுகத்தில் டூனா மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் காரைத் தொடுவார். பழசாகி மஞ்சளான பிளாஸ்டிக்கை மருந்து தடவி வெயிலில் வைத்து வெளுப்பாக்குவார். வறண்டு உடையும் நிலையில் இருக்கும் நைலான் பாகங்களைக் கொதிநீரில் போட்டு எடுப்பார். ஒரு திருகு வேண்டுமென்றால் அதே வருடத்துத் திருகு கிடைக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பார். பெட்டியின் மேல் அச்சான படத்தில் ஸ்டிக்கர் எங்கே முடிகிறதோ, அவர் காரிலும் அங்கேதான் முடிய வேண்டும்.

அமானோ இதற்கு நேர் எதிர். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். இருவரும் நடுநிலைப் பள்ளியில் ஒரே வகுப்பு. பழைய கார் ஒன்று கைக்கு வந்தால் அமானோ முதலில் துளைபோடும் மெஷினைத்தான் எடுப்பார். அலுமினியத் தகடு, பால் பேரிங், புது மோட்டார், புது பேட்டரி. மேலே மட்டும் பழைய கூடு.

"உன்னுது பழைய கார் இல்லடா" என்பார் ஓயிஷி. "தாத்தா சட்டைய மாட்டிக்கிட்டு வந்த பேரன்."

"பேரன் ஓடுறான்ல? உன் தாத்தா போட்டோவுக்குப் போஸ் குடுத்துட்டு அப்படியே படுத்துக்கிறாரு."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அமானோ குழுவில் ஒரு யோசனை சொன்னார். இப்போது வரும் புது ரிமோட்டுகளுக்குக் கிரிஸ்டலே கிடையாது, ஒன்றோடு ஒன்று மோதாது, அதற்கு மாறிவிடலாம் என்றார். ஓயிஷி எழுந்து நின்று எதிர்த்தார். உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், கையில் பிடிக்கிற ரிமோட்டாவது அந்தக் காலத்ததாக இருக்கட்டும் என்றார். கைதூக்கி ஓட்டெடுத்தோம். ஓயிஷி ஜெயித்தார். அந்தக் கூட்டத்தின் குறிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன்.

விபத்து ஏப்ரல் மூன்றாம் ஞாயிறு நடந்தது. எங்கள் ஓட்டத்தடம் நாகாகுரா சான் என்று நாங்கள் மரியாதையாக அழைக்கும் ஒரு பெண்மணியின் நிலத்தில் இருக்கிறது. முன்பு அதுவும் தேயிலைத் தோட்டம். ஆள் போதாமல் அந்த ஒரு பாத்தியை மட்டும் கைவிட்டு எங்களுக்குக் கொடுத்திருந்தார். அறுபத்து மூன்று வயதில், கவிழ்ந்த கார்களை நிமிர்த்திவிட அவரே கடைசி வளைவில் போய் நிற்பார். "உங்க விளையாட்டுச் சாமானெல்லாம் என் மண்ணுல குட்டிக்கரணம் போடுறத நான் பாக்க வேணாமா?" என்பார். சுற்றிலும் இருந்த தோட்டங்களில் வருடத்தின் முதல் கொழுந்து வந்துவிட்டிருந்தது. பத்து நாளில் பறிப்பு.

அன்று ஓயிஷி இரண்டு வருட உழைப்பில் முடித்த ஒரு காரைக் கொண்டுவந்திருந்தார். சிவப்பும் வெள்ளையுமான கார். அதோடு ஜோடியாகக் கிடைத்த ரிமோட்டில் எட்டாம் எண் கிரிஸ்டல் இருந்தது. வழக்கமாக அவருடையது நான்கு. கடைசி வளைவை ஒட்டி வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, சக்கரங்கள் தரையில் படாதபடி காரைத் தாங்கியில் வைத்தார். வழியோடு போன ஒரு தம்பதி நின்று பார்த்தார்கள். "இது ஓடுமா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

ஓயிஷி ரிமோட்டை ஆன் செய்து விசையை முழுவதும் தள்ளினார். சக்கரங்கள் சுழன்றன. அந்தப் பெண் கைதட்டினார்.

எட்டாம் எண் கிளிப் அப்போது அமானோவின் ஆன்டெனாவில் இருந்தது. அமானோ ஓட்டுநர் மேடையில் நின்றிருந்தார். அவருடைய கார் கடைசி வளைவுக்குள் வந்துகொண்டிருந்தது. அமானோவைவிட ஓயிஷிக்குத்தான் அது பக்கம்.

"கேக்க மாட்டேங்குது!" என்று அமானோ கத்தினார். "நாகாகுரா சான், தள்ளுங்க! கேக்கவே மாட்டேங்குது!"

ஒன்றரைக் கிலோ எடை, அலுமினிய மூக்கு. வளைவில் திரும்பாமல் நேராகப் போய் நாகாகுரா சானுடைய கணுக்காலில் அடித்தது. அந்தச் சத்தம் மேடைவரை கேட்டது.

ஓயிஷி திரும்பிப் பார்த்தார். கை தானாக ரிமோட்டை அணைத்தது. அதே நொடியில் அமானோவின் கார் புல்லில் நின்றுபோனது. ஓயிஷிக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ரிமோட்டைப் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு எல்லோரையும்போல ஓடினார்.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகு நாங்கள் அமானோவின் காரைச் சுற்றி நின்றோம்.

"புது பேட்டரி, புது மோட்டார். பழைய உடம்பு தாங்குமா?" என்றார் ஒருவர்.

"ஓயிஷி சான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டுத்தான் இருந்தாரு."

எல்லோரும் ஓயிஷியைப் பார்த்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நண்பனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் குனிகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் அமானோ ஓயிஷியின் வீட்டுக்கு வந்தார். ரொட்டிக் கடைத் தட்டு ஒன்றில் கார் துண்டுதுண்டாக இருந்தது.

"ஆறு நாளாப் பாக்குறேன் கிமி. எல்லாம் சரியா இருக்கு. சரியா இருந்தா ஏன் அப்படிப் போச்சு? என் கண்ணுக்குத் தெரியல. நீ பாரு."

"நான் பாத்து என்னடா தெரியப்போவுது?"

"உனக்குத் தெரியாததா? ஊர்ல வேற யாருகிட்ட நான் போவேன்?"

ஓயிஷி உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தார். அவருடைய மனைவி தேநீர் வைத்துவிட்டுப் போனார். உண்மையைச் சொல்வதற்கு ஓயிஷிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. எதிரில் அமானோ முட்டிமேல் கைவைத்து, டாக்டர் முன் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

ஓயிஷி இடுக்கியால் ஒரு வயரை நிமிண்டினார்.

"இங்க பாரு. ஈயம் சரியாப் பிடிக்கல. வெளிய பளபளப்பு, உள்ள காத்து. ஆட்டத்துல விட்டிருக்கும்."

அமானோ பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நானா வெச்சேன் இத?"

"வேற யாரு?"

"ம்" என்றார் அமானோ. "அப்பாடா. காரணம் தெரிஞ்சுபோச்சு."

பின்னாளில் இதையெல்லாம் எங்களிடம் சொன்னபோது ஓயிஷி ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். காரணம் கிடைத்தால் அமானோ நிம்மதியாகத் தூங்குவார் என்றுதான் அப்படிச் செய்தாராம். அந்த நேரத்தில் உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியதாம்.

அமானோ தூங்கவில்லை. அந்த வயர்த் துண்டை வெட்டி எடுத்து ஒரு சின்னப் பையில் போட்டு, இனிப்புப் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நாகாகுரா சான் படுக்கைக்கு முன்னால் நெற்றி தரையில் படக் குனிந்தார். மறுநாளிலிருந்து கடையை மதியத்துக்குமேல்தான் திறந்தார். தேயிலைக் கொழுந்து வெட்டும் இயந்திரத்தை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு பக்கம் நாகாகுரா சானின் தம்பி. அக்கா பிடிக்கிற பக்கத்தை அமானோ பிடித்தார்.

ஓயிஷி ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் போனார்.

"அந்த மனுஷன் ஒரு வயர கொண்டாந்து காட்டினாரு" என்றார் நாகாகுரா சான். "எனக்கு அதுல என்ன புரியும்? ஆனா அவர் மூஞ்சி இருக்கே. என் காலவிட அதுதான் மோசமா உடைஞ்சு கெடந்துச்சு. நீங்க கூடப் படிச்சவர்தானே? ஒரு வார்த்தை சொல்லுங்க. கால் கூடிடும்னு."

"சொல்றேன்" என்றார் ஓயிஷி.

அந்த வாரம் குழுவின் புது அறிவிப்பை நான் தட்டச்சு செய்தேன். உள்ளே மாற்றங்கள் செய்த கார்களுக்கு இனி அனுமதியில்லை. விதிகளுக்குப் பொறுப்பாளர் என்பதால் அதில் கையெழுத்துக்குப் பதிலாக ஓயிஷியின் பெயர் முத்திரை வேண்டும். ஆலை வாசலில் அவரிடம் தாளைக் கொடுத்தேன். நின்றபடியே இருமுறை படித்தார். முத்திரை சட்டைப்பையில்தான் இருந்தது.

"இத நான் கையில வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்த்திசையில் நடந்தார்.

அமானோ கடையில் ஒரு மின்சைக்கிளைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வா. வேகம் மாத்துற உன் பழைய மூணு நிலை ஸ்விட்ச் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கார்ல புதுசா போட்ட எல்லாத்தையும் கழட்டிட்டேன். நீ ஜெயிச்சேன்னு வெச்சுக்கோ. பெட்டியில இருக்கிற மாதிரியே கட்டிடுறேன். துளை மட்டும்தான்டா அடைக்க முடியல."

"அமானோ. அன்னைக்கு நான் ரிமோட்ட ஆன் பண்ணேன்."

"எந்த ரிமோட்ட?"

"புதுசா வந்தது. எட்டாம் நம்பர். பலகைக்குப் போகல. சக்கரம் சுத்துறத ஒருத்தருக்குக் காட்டினேன். அப்பதான் உன் கார் போச்சு. நான் அணைச்சேன், அது நின்னுச்சு."

அமானோ கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு அவர் கேட்டது விபத்தைப் பற்றி இல்லை.

"அந்த ஈயம்?"

ஓயிஷி கையிலிருந்த அறிவிப்புத் தாளை மடித்தார்.

"கேக்குறேன்ல? அந்த ஜாயிண்ட் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சு." அமானோ அதையே மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "இந்த வருஷம் நான் ரிப்பேர் பண்ணிக்குடுத்த மின்சைக்கிள் பதினொண்ணு. எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டேன். எல்லா ஜாயிண்டையும் பிரிச்சேன். ஸ்கூல் பிள்ளைங்க ஓட்டுற வண்டிடா, எங்கயாவது நடுரோட்டுல விட்டுடுச்சுன்னா? முப்பது வருஷமா இந்தக் கைய வெச்சுத்தான் சாப்பிடுறேன். அத நானே நம்பாம உக்காந்திருக்கேன்."

"தப்புதான்."

"கிளிப்ப மறந்தது தப்பு. அது எனக்கும் நடக்கும். நான் உன்கிட்ட வந்தேனே கிமி. தூக்கிட்டு வந்தேனே."

ஓயிஷி சிமெண்ட் தரையில் மண்டியிட்டார். அமானோ அவரைப் பார்க்காமல் எழுந்துபோய்க் கடை ஷட்டரைப் பாதிவரை இறக்கினார். குனிந்து வெளியே போகிற அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டிருந்தார்.

ஞாயிறன்று ஓயிஷி எங்கள் எல்லோர் முன்னும் சொன்னார். முத்திரை வைக்காத அறிவிப்பைத் திருப்பிக் கொடுத்தார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அமானோவைக் குறை சொன்னவர்கள் நாங்களும்தானே. அன்றே பலகையைக் கழற்றினோம். இனி எல்லோருக்கும் புது ரிமோட் என்று கைதூக்கினோம், ஓயிஷியும் தூக்கினார்.

நாகாகுரா சானிடமும் போனார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, கட்டுப்போட்ட காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஜூன்ல ரெண்டாம் பறிப்பு வருது. இனிமே என் பக்கத்த நீங்க பிடிங்க. அமானோ சானுக்கு இடுப்பு வலி." பிறகு, "காலுக்கு யார் இடிச்சாங்கன்னு தெரியாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் கஷ்டம்" என்றார்.

ஜூனில் ஓயிஷி பிடித்தார். லீவு போட்டு ஆறு நாள் நடந்தார். அந்த ஆறு நாளும் அமானோ தோட்டத்துப் பக்கம் வரவில்லை.

அமானோ குழுவுக்குத் திரும்பியது அக்டோபரில். கழற்றிய எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியிருந்தார். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், ஓயிஷிக்கும் சொன்னார், முன்பின் தெரியாதவருக்குச் சொல்கிற மரியாதையோடு. நாகாகுரா சானால் இன்னும் வெகுநேரம் நிற்க முடியாது. கடைசி வளைவில் இப்போது ஓயிஷிதான் நிற்கிறார்.

மூன்றாவது சுற்றில் அமானோவின் கார் அந்த வளைவிலேயே கவிழ்ந்தது. ஓயிஷியின் காலிலிருந்து இரண்டடி. அவர் குனிந்தார்.

"விடுங்க, ஓயிஷி சான்" என்று மேடையிலிருந்து அமானோவின் குரல் வந்தது. "நானே வரேன்."

ஓயிஷி நிமிர்ந்து நின்றார். அமானோ ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே மேடையிலிருந்து இறங்கி, தடத்தின் ஓரமாக, அவசரமில்லாமல் நடந்துவந்தார். மற்ற கார்கள் இரண்டு சுற்று முடித்துவிட்டன. வந்து, குனிந்து, காரை நிமிர்த்தி வைத்து, சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டிவிட்டார். ஓயிஷி ஒதுங்கி வழிவிட்டார். அமானோ மேடைக்குத் திரும்பி ஏறும்வரை அந்தக் கார் ஓயிஷியின் காலடியில் அசையாமல் நின்றது. அவர் அதைத் தொடவில்லை.