மருதாசலத்தின் ‘செட்’

பந்தியில் இலைமேல் கேசரி விழுந்ததும் மருதாசலம் அதைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். டீக்கடைப் பெஞ்சானாலும், நேற்றுப் பூசிய சுவரானாலும் முதலில் அந்த விரல்தான் போகும். பிறகுதான் பேச்சு. "செட் ஆயிருச்சுங்க." இல்லாவிட்டால், "இன்னும் செட் ஆகலீங்க."

வெண்ணந்தூரில் எங்கள் தெருவின் பாதி வீடுகள் இந்தக் கொத்தனார் கட்டியவை. ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்த வினைச்சொல் ஒன்றே ஒன்று. அலாரத்தைச் செட் பண்ணுவார். புதுச் செருப்பு அவருக்குச் செட் ஆகாது. கிணற்றில் மோட்டார் செட்டு, சித்தப்பாவுக்குப் பல்செட்டு, கூடப் படித்தவர்கள் "எங்க செட்டு". என் மனைவி தும்மினால்கூட, "அம்மிணிக்கு இந்தக் காத்து செட் ஆகலீங்க" என்பார்.

அவர் மகள் மைதிலி கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள். வேறு வார்த்தையே கிடையாதா என்று கேட்டுச் சலித்துவிட்டாள். "இருக்குது சாமி. எதுவும் வாய்க்குச் செட் ஆக மாட்டீங்குது."

போன மாசியில் மைதிலியைப் பெண் பார்க்க வந்தார்கள். ஊரார் வாசலையெல்லாம் மெழுகிக் கொடுத்தவருக்குத் தன் வாசல் வெடித்துக் கிடப்பது அன்று காலையில்தான் கண்ணில் பட்டது. அவசரமாகச் சிமெண்ட் பூசினார். நடக்கப் பலகை போட மறந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா சின்னுசாமி பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்தார்.

உள்ளேயிருந்து மருதாசலம் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "செட் ஆகலீங்க! செட் ஆகலீங்க!"

சின்னுசாமிக்கு முகம் கறுத்தது. "பொண்ணக் கண்ணுல பாக்கறதுக்குள்ளயே செட் ஆகலையா? அப்புறம் எதுக்குங்க வரச் சொன்னீங்க?"

எதிர்வீட்டில் நின்ற எனக்கே வியர்த்தது. பதற்றத்தில் மருதாசலத்துக்கு வேறு சொல் வரவில்லை. "அப்படியில்லீங்க, மத்தியானத்துக்குள்ள செட் ஆயிருமுங்க!"

"மத்தியானம் வரைக்கும் யோசிக்கோணுமாக்கும்!" சின்னுசாமி கார்க் கதவைத் திறந்தார்.

பட்டுப்புடவையோடு மைதிலி வெளியே வந்தாள். "மாமா, அப்பா சிமெண்டச் சொல்றாருங்க!" பிறகு அப்பாவைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "அந்தச் சொல்லோட மூல அர்த்தமே ‘உக்கார வை’ங்கறதுதான். மொதல்ல அவங்கள உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வைங்கப்பா!"

சின்னுசாமி குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் சாம்பல் நிறம். காருக்குப் பின்னால் மாப்பிள்ளை கௌதமன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அவனைப் பார்த்து மைதிலி சிரிக்க, கடைசியில் சின்னுசாமியும் சிரித்துவிட்டார். மருதாசலம் பலகையைப் போட்டு, அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார். வைகாசியில் முகூர்த்தம் என்று முடிவாயிற்று.

அவர்கள் கிளம்பியதும் மருதாசலம் பூச்சுக் கரணையும் கலவையுமாக வாசலில் வந்து குந்தினார். நட்டநடுவே சின்னுசாமியின் பாதம், ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தது. மயிரிழை மேடுபள்ளம் தெரிந்தாலும் பூச்சை உடைத்து மறுபடி பூசுகிற மனிதர் அவர். அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்; இறுகியிருந்தது. பிறகு கரணையைக் கீழே வைத்துவிட்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து, புதுப்பூச்சு உறுதிப்பட நனைப்பதுபோல அந்தப் பாதத்தின்மேல் மெதுவாக ஊற்றினார்.