எலும்புப் பசையும் தாய்மாமன் ஃபிளெக்ஸும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: தஞ்சாவூரில் என்னை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொண்ட பேராசிரியர், சென்னையிலிருந்து வந்திருந்த காப்புரிமை வழக்கறிஞர், புதுச்சட்டையில் நான். அப்பா வரவில்லை. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு, எடை போடத் தன் முறை வருவதற்காக அங்கேயே காத்துக் கிடந்தார். அக்கா வீட்டுக்காரரும் வரவில்லை. அவர் வராமலேயே, அவர் செலவில் வைத்த ஒன்று அந்தக் கூட்டத்தை முடித்துவைத்தது என்பது பிறகு தெரிந்தது.

என் ஆராய்ச்சியை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஊர் மருந்துக்கடையில் எப்போதும் கிடைக்கிற ஒரு பழைய ஆன்டிபயாடிக். அதை மிகக் குறைந்த அளவில், நெல் உமிச் சாம்பலிலிருந்து எடுத்த சிலிக்காவோடு பசையாக்கி எலியின் உடைந்த எலும்பில் வைத்தால், இடைவெளியில் புது எலும்பு வளர்கிறது. திருச்சியில் ஒரு சிறு மருந்து நிறுவனம், காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டால் அடுத்த கட்டச் சோதனையையும் என் சம்பளத்தையும் ஏற்பதாகச் சொல்லியிருந்தது. என் உதவித்தொகை அந்த மாதத்தோடு நிற்கவிருந்தது. ஆகவே அந்த விண்ணப்பம்தான் என் அடுத்த மாதச் சோறு.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்லும் வியாதி எனக்கு உண்டு. காப்புரிமை என்றால் என்ன என்று அப்பா கேட்டபோது, "பட்டா மாதிரிப்பா" என்றேன்.

"அப்ப அந்த மாத்திரைக்கு உன் பேர்ல பட்டா குடுப்பானா?"

"ஆமாப்பா" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

வழக்கறிஞர் அந்தப் பட்டாவைப் பத்து நிமிடத்தில் ரத்து செய்தார். "மாத்திரை ஏற்கெனவே இருக்கு தம்பி. அதுக்குப் புதுசா ஒரு வேலை கண்டுபிடிச்சேன்னா, நம்ம சட்டத்துல அதுக்கு மட்டும் உரிமை கிடையாது. வைத்தியம் பண்ற முறைக்கும் கிடையாது."

"ஆனா எலும்பு வளருது சார்."

"வளரட்டும். சந்தோஷம்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். வழக்கறிஞர் என் தாள்களை இன்னொரு முறை புரட்டினார். "இந்தப் பசை இருக்கே, இது இதுக்கு முன்னாடி இல்ல. மருந்தும் சாம்பலும் சேர்ந்தா, தனித்தனியா செய்யறதைவிடக் கூடுதலா செய்யுதா?"

"செய்யுது சார். எல்லாத்துக்கும் அளவு எடுத்து வச்சிருக்கேன்."

"அப்ப பசைக்குக் கேப்போம். என்ன விகிதம், எவ்வளவு சூடு, அதான் உங்க சொத்து. வெளியில எங்கயாவது சொல்லியிருக்கீங்களா? கருத்தரங்கு, பத்திரிகை?"

"இல்ல சார்."

"இவன் வாயே தொறக்க மாட்டான்" என்று பேராசிரியர் நற்சான்று கொடுத்தார்.

வழக்கறிஞர் என் எண்ணைப் பதிந்துகொண்டார். வாட்ஸப்பில் என் முகப்புப் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கினார். "இது என்ன, உங்களுக்குக் கீழ ஏதோ பொடி எழுத்தா இருக்கு? தெளிவா தெரியலையே."

"ஒரிஜினல் அனுப்புறேன் சார்" என்று அனுப்பியும் வைத்தேன். கேட்டதற்கு மேலேயே உதவுகிற குணம் எனக்கு.

அது என் முகம் போட்ட ஒரு ஃபிளெக்ஸின் படம். அதன் கதை இது. முந்தின மாதம் பாபநாசத்தில் அக்கா மகளுக்குக் காதணி விழா. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமனை வரவேற்றுச் சாலை ஓரத்தில் ஆளுயர ஃபிளெக்ஸ் நிற்காவிட்டால் அது அக்கா வீட்டுக்காரருக்குத்தான் குறைச்சல். அவர் எழுதி வைத்திருந்த வாசகம்: 'செத்த எலும்பையும் சிலிர்க்க வைக்கும் சிங்கமே, வருக!'

எனக்கு உடம்பு கூசிவிட்டது. "எலும்பு செத்ததுன்னு யார் சொன்னா மச்சான்? தப்பான தகவல் போகக் கூடாது."

"காது குத்துக்கு வர்றவன் கறிசோத்தப் பாப்பானா, உன் எலும்பப் பாப்பானா மாப்ள?"

"இருந்தாலும் உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல."

ஃபிளெக்ஸ் கடைக்கு நானே போய்ச் சிங்கத்தை அடித்துவிட்டு நான்கு வரிகள் எழுதிக் கொடுத்தேன்: மருந்தின் பெயர், உமியைச் சுடும் வெப்பநிலை, கலக்கும் விகிதம், கடைசியில் 'எலிகளில் மட்டுமே சோதிக்கப்பட்டது'. டிசைன் செய்தவர் தயங்கினார். "அண்ணே, இவ்வளவு எழுத்து வச்சா உங்க மூஞ்சி சின்னதாயிடும்ணே."

"பரவாயில்ல" என்றேன். அறிவியலுக்காக முகத்தையே தியாகம் செய்தவன் என்று வீடு வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

வழக்கறிஞர் நான்கு வரிகளையும் படித்து, நான் வாசகத்தை மாற்றிய கதையையும் கேட்டு முடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரும் படிக்கல சார்" என்றேன். "மொய் எழுதினவங்ககூட படிக்கல."

"படிச்சாங்களாங்கறது முக்கியமில்ல தம்பி. பொது இடத்துல இருந்துச்சு. படிக்கிறவன் அதை வச்சே பசை கிண்டிடலாம். அதோட புதுமை போச்சு. ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், மொதல்ல என்ன எழுதியிருந்தாங்க?"

சிங்கத்தைச் சொன்னேன்.

அவர் அப்போதுதான் சிரித்தார். "அதை அப்படியே விட்டிருந்தா பொழைச்சிருப்பீங்க. சிங்கத்தைப் படிச்சு யாராலயும் பசை கிண்ட முடியாது."

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பட்டா கெடைச்சுதாப்பா?"

"இல்லப்பா. அந்த ஃபிளெக்ஸ்ல எல்லாத்தையும் போட்டுட்டோம்ல, அதனால தர மாட்டாங்களாம்."

"எது, காது குத்து ஃபிளெக்ஸா? அது இங்கதான் கெடக்கு, நெல்லு மேல போத்தியிருக்கேன். காலைல தூறல் போட்டுச்சு, ஒரு சொட்டு எறங்கல. எடுத்துடவா?"

"வேணாம்ப்பா."

"உன் மூஞ்சி அடியில மடிஞ்சு கெடக்கு. எழுத்துதான் மேல தெரியுது."

திருச்சி நிறுவனம் மரியாதையாக விலகிக்கொண்டது. நான் இப்போது தனிப்பயிற்சி நிலையம் ஒன்றில் வேதியியல் நடத்துகிறேன், அங்கேயும் கேட்டதற்கு மேலேயே விளக்கிக்கொண்டு. என் பசையை இனி யார் வேண்டுமானாலும் கிண்டலாம். அதை ஊருக்குப் பொதுவாக எழுதிவைக்க எங்கள் குடும்பத்துக்கு ஆன மொத்தச் செலவு: ஃபிளெக்ஸுக்கு மச்சான் கொடுத்தது தொள்ளாயிரம், சிங்கத்தை எடுத்துவிட்டு உண்மையைச் சேர்க்க நான் தனியாகக் கொடுத்தது இருநூறு, ஆக ஆயிரத்து நூறு ரூபாய்.