நுஸ்ரத் திறந்த போன்

கிண்ணியாவில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து "போன் திருத்துற நுஸ்ரத்" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். அந்த வீட்டுக்கு நேர் எதிர் வீடு என்னுடையது. என் பெயர் ஆதிலா, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். நுஸ்ரத்தைப் பற்றி எழுத எனக்கு உள்ள பெரிய தகுதி, அவள் முதன்முதலில் சாகடித்த போன் என்னுடையது என்பதுதான்.

அதை அவள் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டாள். "அது ஏற்கெனவே வருத்தக்காரப் போன் ஆதிலா. நான் கையில எடுக்கக்குள்ள மவுத்தாகிட்டு" என்பாள். பச்சைப் பொய். வட்ஸ்அப் வேலை செய்யவில்லை, புது அன்ட்ரொயிட் ஏற்றித் தருகிறேன் என்று வாங்கிப்போனவள், வேறு மாடல் போனுக்குரிய கோப்பை அதில் ஏற்றிவிட்டாள். திரை கறுத்துப் போய்விட்டது. நான் கத்திய கத்தலில் ஒழுங்கையே வாசலுக்கு வந்தது. அவளோ மூக்கைச் சிந்திக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்கள் போட்ட வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அதே போனை எழுப்பிக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். அதற்குப் பிறகு அவள் வாயைக் கட்ட ஒருவராலும் முடியவில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் போனைக் கடையில் கொடுக்க மாட்டார்கள். வீட்டுக்குள் முக்காடில்லாமல் எடுத்த படம் இருக்கும், கல்யாண வீட்டில் மருதோன்றி போட்டுக்கொண்டு சிரித்த படம் இருக்கும், கட்டாரில் இருக்கும் புருஷனோடு சண்டை பிடித்த குரல் இருக்கும். இதையெல்லாம் கடைப் பெடியன்கள் கையில் எப்படிக் கொடுப்பது? அதனால் உடைந்த திரையோடும் ஊதிய பற்றரியோடும் மாதக்கணக்காகச் சமாளிப்பார்கள். நுஸ்ரத் மேசை போட்ட பிறகுதான் அந்தப் போன்களெல்லாம் கைப்பைக்குள்ளிருந்து வெளியே வந்தன.

அவளிடம் ஒரு சட்டம் உண்டு. போனை வைத்துவிட்டுப் போகக் கூடாது. உடையவர் பக்கத்துக் கதிரையில் இருக்க வேண்டும், திரை அவர் பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். குசினியில் சோறு கொதித்தால் நுஸ்ரத் எழுந்து போவாள். போகும்போது போனை உடையவர் கையில் கொடுத்துவிட்டே போவாள். ஆண்கள் யாராவது வந்தால் மதிலுக்கு மேலால் எனக்குக் குரல் வரும். நானும் போய் ஒரு கதிரையில் குந்திவிடுவேன். அந்த வகையில் அவளுடைய தொழிலில் நானும் ஒரு பங்காளிதான், சம்பளம் பிளேன்டீ.

புதுப் போன் என்றால் அவளுக்கு ருசிப்பதில்லை. பழைய போன் வந்தால் முகம் மலர்ந்துவிடும். "இத வீசிப்போட்டுப் புதுசு வாங்குங்க எண்டு கடையில சொன்னாங்களா? அப்ப எனக்குக் குடுங்க" என்பாள். அடக்கம் அவளுக்கு ஒத்துவராத சாமான். இருந்தாலும் சொன்னதைச் செய்துவிடுவாள் என்பதால் நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம்.

மழை முடிந்து வள்ளங்கள் மறுபடி கடலில் இறங்கத் தொடங்கிய நாட்களில் ஒரு காலை, நிலாவெளியிலிருந்து ஜெயரூபி வந்தாள். முன்பும் தன் போனைத் திருத்த வந்தவள்தான். இம்முறை கணவர் பாக்கியரத்தினத்தையும் கூட்டிவந்திருந்தாள். எனக்குக் குரல் வந்தது, போனேன். மனுஷன் கதிரையில் இருந்தபடி சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்தார். பையைப் பறிக்க நாங்கள் இரண்டு பேரும் திட்டம் போட்டிருப்பதுபோல் ஒரு பார்வை வேறு. எனக்கு எரிச்சல் வந்தது.

"காட்டினாத்தானே அண்ணன் பார்க்கலாம்" என்றாள் நுஸ்ரத்.

போன் பையை விட்டு வந்தது. ஓரம் தேய்ந்து, உப்புப் பூத்து, முதுகு ஊதிய பழைய போன். அவருடைய பொயின்ட் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

கடலில் மீன் நிற்கும் இடம் மேலே தெரியாது. கீழே கடலடிப் பாறைத் திட்டாக ஒரு பார் இருக்கும், தாண்டுபோன கப்பலின் இரும்பு இருக்கும். மீன் பட்ட இடத்தில் நின்று போனில் உள்ள வரைபடத்தில் ஒரு புள்ளி குத்திவைப்பார்கள். அதுதான் பொயின்ட். கூடப் பிறந்த தம்பிக்கும் அதைக் காட்ட மாட்டார்கள். பாக்கியரத்தினம் வருஷக்கணக்காகச் சேர்த்தவற்றை வேறெங்கும் ஏற்றி வைக்கவும் இல்லை. இன்டர்நெட்டில் தொடுத்தால் யாராவது களவெடுத்துவிடுவார்கள் என்று அந்தப் போனுக்கு சிம் கூடப் போடாமல் வைத்திருந்தார். போன கிழமை மகன் கிரிக்கெட் பார்க்க அதற்கு இன்டர்நெட் கொடுத்துவிட்டான். பொயின்ட் இருக்கும் ஆப் தானாகப் புதுப் பதிப்புக்கு மாறியது. பழைய போனுக்கு அது தாங்கவில்லை. திறந்தவுடன் மூடிக்கொண்டது.

"ரவுன் கடைகள்ல காட்டல்லையா?" என்று கேட்டேன்.

"அங்க கடை வச்சிருக்கிற எல்லாப் பெடியனுக்கும் ஒரு மாமனோ மச்சானோ கடல்ல நிக்கிறான் தங்கச்சி. கையில குடுக்காம வாயாலதான் கேட்டனான். முதல்ல போன அப்டேட் பண்ணு, சரிவரும் எண்டாங்கள்."

"பண்ணினீங்களா?" நுஸ்ரத்தின் குரல் மாறியது.

"சார்ஜ் காணாது எண்டு விடுதில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று மேசையில் தட்டினாள். "ஊதின பற்றரி உங்களக் காப்பாத்தியிருக்கு அண்ணன்."

அவள் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். போனுக்குள் ஒவ்வொரு ஆப்புக்கும் பூட்டிய அலுமாரி ஒன்று உண்டு. வாங்கிய சொந்தக்காரனாலும் அதைத் திறக்க ஏலாது. எல்லா அலுமாரிக்கும் பொதுவான திறப்பை, அதாவது சாவியை, கையில் எடுப்பதற்குத்தான் ரூட் எடுப்பது என்று பெயர். அதற்கு ஊரறிந்த வழி, போனின் தலைவாசல் பூட்டை உடைப்பது. உடைத்தால் போன் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் தானே அழித்துவிடும். ஆனால் பழைய போன்கள் சிலவற்றில் குசினிப் பக்கம் ஒரு ஓட்டை இருக்கும். அதற்குள்ளால் புகுந்து திறப்பை எடுத்தால் ஒன்றும் அழியாது. அப்டேட் என்பது அந்த ஓட்டையை அடைக்கும் வேலை. பாக்கியரத்தினம் அப்டேட் பொத்தானை அமத்தியிருந்தால் பொயின்ட்டெல்லாம் உள்ளேயே கிடந்து போயிருக்கும்.

"அப்ப எடுக்கலாமோ?" என்று கேட்டாள் ஜெயரூபி.

"நான் எடுக்காட்டி ஆரு எடுக்கிற?" என்றாள் நுஸ்ரத்.

போனைக் கேபிளால் லப்டொப்பில் தொடுத்தாள். போன் திரையில் ஓயாமல் ஒரு கேள்வி வந்துகொண்டிருந்தது: அப்டேட் தயார், இப்போது செய்யவா, பிறகு செய்யவா? ஒவ்வொரு தடவையும் 'பிறகு' என்பதையே அமத்தினாள். லப்டொப்பில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து எழுதத் தொடங்கினாள். வரிக்கு முன்னால் ஒரு டொலர் குறி நின்றது. அது ஹாஷ் குறியாக மாறினால் திறப்பு கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமாம். முதல் தடவை மாறவில்லை. அடுத்த தடவையும் மாறவில்லை. பாக்கியரத்தினத்தின் கால் ஆடத் தொடங்கியது. நுஸ்ரத் வேறொரு கோப்பைத் தேடி எடுத்து மறுபடி ஓடவிட்டாள். ஹாஷ் வந்தது.

"திறந்திட்டு!" என்று என் தொடையில் அடித்தாள். வலித்தது. இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொயின்ட் இருந்த கோப்பு லப்டொப்புக்கு வரத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் புருஷன் முனீப் வந்தார். தோளில் வள்ளத்து எஞ்சின், கையில் வெறும் மீன் பெட்டி. விடியமுதல் கடலுக்குப் போனவர்.

பாக்கியரத்தினம் எஞ்சினைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். தன்னூர்க் கடல்காரர்களின் கண்ணுக்குத் தப்பவேண்டும் என்று பாலம் கடந்து இவ்வளவு தூரம் வந்தவர், சரியாக ஒரு கடல்காரனின் வீட்டுக்குள்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார். கேபிளைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தார். கோப்பு பாதியில் நின்றது. கேபிளின் தயவில் உயிரோடிருந்த போன் பொட்டென்று நின்றது.

"என்ன வேல பார்த்த நீங்க!" நுஸ்ரத் எழுந்துவிட்டாள். "இவ்வளவு நேரம் உங்களுக்கு முன்னாலதானே செய்யிறன்? களவெடுக்கிற ஆள் உங்களப் பக்கத்தில இருத்தி வச்சிட்டுத்தானா எடுப்பாள்?"

"உன்ர மனுசன் கடல் தொழில் செய்யிறவர் எண்டு நீ சொல்லேல்ல தங்கச்சி."

"நீங்க கேக்கல்ல. போன் திருத்துறது நான், அவரில்ல!"

ஜெயரூபி தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அதற்குள் முனீப்புக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடல்காரனுக்குக் கடல்காரனின் பயத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் எஞ்சினை இறக்கி வைத்தார். "அண்ணன், நான் வெளிய நிக்கிறன். நீங்க வேலய முடிங்க" என்றார். சாப்பிடவில்லை, முகம்கூடக் கழுவவில்லை. ஒழுங்கைக்கு இறங்கி என் வீட்டு மதிலோரம் குந்திக்கொண்டார்.

நுஸ்ரத் கேபிளைக் கையில் எடுத்து, தொடுக்காமல், பாக்கியரத்தினத்திடம் நீட்டினாள். "நீங்களே தொடுங்க. நம்பிக்கை இல்லாட்டி எடுத்திட்டுப் போங்க. நான் கோவிக்க மாட்டன்." கோபத்தில் அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவர் ஜெயரூபியைப் பார்த்தார். வாசலால் ஒழுங்கையைப் பார்த்தார். பிறகு தொடுத்தார்.

போன் எழும்ப மறுத்தது. கொம்பனியின் பெயர் வந்து, மறைந்து, மறுபடி வந்தது. நான் மனதுக்குள் ஓதத் தொடங்கிவிட்டேன். ஜெயரூபி அவளுடைய சாமியைக் கூப்பிட்டிருப்பாள். ஒருவழியாகத் திரை விரிந்தது. விரிந்தவுடன் அதே கேள்வி: இப்போதா, பிறகா? மனுஷன் உதவி செய்கிறேன் என்று விரலைக் கொண்டுபோனார், அதுவும் 'இப்போது' பக்கம்.

"அமத்தாதீங்க!" நுஸ்ரத்தும் நானும் ஒன்றாகக் கத்தினோம். ஜெயரூபி புருஷனின் கையில் ஓங்கி ஒரு அடி போட்டாள். அந்த அடி போடாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

டொலர் மறுபடி ஹாஷாக மாறியது. கோப்பு முழுதாக வந்தது. நுஸ்ரத் அதைத் திறக்கும்படி செய்து, லப்டொப்பை அவர் பக்கம் திருப்பிவிட்டு, தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க. எல்லாம் இருக்கா?" நானும் திரும்பிக்கொண்டேன். எனக்கு ஒரு கோடு தெரியுமா, குறி தெரியுமா! இருந்தாலும் திரும்பினேன்.

அவர் வாய்க்குள் ஒவ்வொன்றாக எண்ணுவது கேட்டது. பிறகு "ஓம்" என்றார். "எல்லாம் கிடக்கு தங்கச்சி." திரும்பிப் பார்த்தால் மனுஷன் சாரத்துத் தொங்கலால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் போனுக்கு அப்டேட் நடந்தது. புதுப் பற்றரி போட்டு, அவள் கையாலேயே 'இப்போது' என்பதை அமத்தி, பாரமில்லாத வேறொரு ஆப் போட்டு, பொயின்ட்டையெல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்தாள். கடைசியாக எலிக்குட்டியை, அதுதான் லப்டொப்பின் மவுஸை, அவர் பக்கம் தள்ளினாள். "லப்டொப்பில இருக்கிற கோப்ப நீங்களே அழியுங்க. அப்பத்தான் உங்களுக்கு நித்திர வரும்."

அவர் எலிக்குட்டியைப் பிடித்தார். அழிக்கவில்லை. மதிலோரம் குந்தியிருந்த முனீப்பை மறுபடியும் பார்த்தார்.

"இது இஞ்சயே கிடக்கட்டும் தங்கச்சி."

"போன் கடல்ல விழுந்திட்டா எடுக்கவா?" என்று நுஸ்ரத் கேட்டாள். "அப்ப ஒரு பூட்டுப் போட்டுத் தாறன். நம்பர் உங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"பூட்டு வேண்டாம். போன் மட்டும்தானோ விழும்? நானும் சேர்ந்து போனா ஆர் வந்து திறக்கிறது? இவள் வந்து கேட்டா எடுத்துக் குடு. என்ர பொடியன் அதை வச்சுப் பிழைப்பான்."

ஜெயரூபி "விசர்க் கதை கதைக்காதேங்கோ" என்று அதட்டினாள். நுஸ்ரத் எலிக்குட்டியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள். சரி என்று தலையை ஆட்டினாள். பாக்கியரத்தினம் வெளியே போய் "தம்பி, சாப்பிடப் போங்கோ" என்று முனீப்பின் தோளைத் தொட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அந்தக் கோப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதே லப்டொப்பில்தான் முனீப் பின்னேரங்களில் படம் பார்க்கிறார். பெட்டி வெறுமையாக வரும் நாட்கள் இந்த வருஷம் அவருக்குக் கொஞ்சம் அதிகம். வாய் சும்மா இருக்காத நான் ஒரு நாள், அண்ணன் முறைக்காரர் என்ற உரிமையில், முனீப்பிடம் கேட்டேவிட்டேன்.

"காக்கா, அந்தாள்ட பொயின்ட் கோப்பு லப்டொப்பில எந்த இடத்தில கிடக்கெண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார். "அதுக்கு?"